பெல்லட் ஸ்டவ்வுக்குப் பொருத்தமான தெர்மோஸ்டாட் எது?

பிராஜெக்ட் வேலையாக அமெரிக்கா, கனடா செல்லும் நம்மவர்கள் வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் சில சமயம் பெல்லட் ஸ்டவ் இருக்கும். ஸ்டவ் என்று பெயர் இருந்தாலும் இது சமையலுக்கு அல்ல. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. சென்ற குளிர்காலத்தில் வெர்மான்ட் மாநிலத்தில் நான் தங்கிய வீட்டில் இது இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விலை கூடிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அடுப்பு அணைந்து கிடந்தது. தெர்மோஸ்டாட்டின் திரையும் கறுப்பு. வெளியே மைனஸ் 15 டிகிரி! தவறு தெர்மோஸ்டாட்டில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த விதத்தில். நீங்களும் அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

எப்படி வேலை செய்கிறது?

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளே பெல்லட். இவை 40 பவுண்டு (சுமார் 18 கிலோ) மூட்டைகளாகக் கிடைக்கின்றன. மேலே உள்ள தொட்டியில் கொட்டிவிட்டால், மோட்டாரில் சுழலும் திருகு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எரியும் கிண்ணத்தில் தள்ளும். பற்ற வைக்க ஒரு இக்னைட்டர், புகையை வெளியேற்ற ஒரு மின்விசிறி, சூட்டை அறைக்குள் தள்ள இன்னொன்று. எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது ஒரு கன்ட்ரோல் போர்டு.

தெர்மோஸ்டாட் என்பது வெறும் ஸ்விட்ச்தான். நம் வீட்டு அயர்ன் பாக்ஸில் இருப்பது போலத்தான். குளிர்ந்தால் இரண்டு வயர்களை இணைக்கும், சூடானால் பிரிக்கும். இணைந்தால் "சூடு வேண்டும்" என்று போர்டு புரிந்துகொள்ளும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. வோல்டேஜ்: ஸ்டவ்வின் மேனுவலில் எந்த வகை தெர்மோஸ்டாட் என்று பாருங்கள். பெரும்பாலும் குறைந்த வோல்டேஜ் வகையே கேட்டிருப்பார்கள். சுவரில் பொருத்தும் மின்சார ஹீட்டர்களுக்கான 120/240 வோல்ட் வகையை வாங்காதீர்கள். பழைய ஹீட்டருக்காகச் சுவரில் விட்டிருக்கும் வயரையும் ஸ்டவ்வில் இணைக்கக் கூடாது. அதில் 240 வோல்ட் இருந்தால் போர்டு எரிந்துவிடும். உங்கள் உயிருக்கும் ஆபத்து.

2. தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம்: நான் சறுக்கிய இடம் இதுதான். பல ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு 24 வோல்ட் ஏசி மின்சாரம், 'சி' வயர் வழியாகத் தொடர்ந்து வேண்டும். பெல்லட் ஸ்டவ்வில் பொதுவாக இரண்டு டெர்மினல்கள் மட்டுமே. அவை சிக்னலுக்கானவை, மின்சாரம் தர அல்ல. எனவே உள்ளே இருந்த பேட்டரி தீர்ந்ததும் என் தெர்மோஸ்டாட் உயிரை விட்டது. சாதாரண பேட்டரியில் இயங்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டே எளிய தீர்வு. ஸ்மார்ட்தான் வேண்டுமென்றால், தனியாக 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் ஒரு ரிலேயும் வையுங்கள். தெர்மோஸ்டாட் ரிலேயை இயக்கும். ரிலேயின் ஸ்விட்ச் முனைகள் ஸ்டவ்வுக்குச் செல்லும். இரண்டு சர்க்யூட்டும் கலக்காது.

3. இடைவெளி: சாப்ட்வேர்காரர்களுக்கு எளிதில் புரியும். 20 டிகிரிக்குக் கீழே ஆன், மேலே ஆஃப் என்று மட்டும் புரோகிராம் எழுதினால் ஸ்டவ் ஓயாமல் எரிந்து அணையும். பெல்லட் ஸ்டவ் பற்றிக்கொள்ளவே சில நிமிடங்கள் ஆகும். அடிக்கடி பற்ற வைத்தால் இக்னைட்டர் சீக்கிரம் போய்விடும். எனவே ஆன், ஆஃப் இடையே 2 அல்லது 3 ஃபாரன்ஹீட் இடைவெளி வைக்கும் வசதி உள்ளதை வாங்குங்கள். இதை 'ஸ்விங்' என்பார்கள்.

4. ஸ்டவ்வின் முறை: தானாகப் பற்றும் ஸ்டவ் என்றால்தான் ஆன்/ஆஃப் முறை சரிப்படும். கையால் பற்ற வைப்பது என்றால் ஹை/லோ முறையே பொருந்தும். இதில் தீ அணையாது, கூடிக் குறையும்.

பொருத்தும் முறை

முதலில் ஸ்டவ்வை அணைத்து, நன்கு ஆறியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். டெர்மினல்களை இணைத்து ஒரு சிறு ஜம்பர் வயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். 18 கேஜ் இரட்டை வயரால் தெர்மோஸ்டாட்டின் 'ஆர்', 'டபிள்யூ' முனைகளை அந்த டெர்மினல்களுடன் இணையுங்கள். தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில், உட்புறச் சுவரில், ஸ்டவ்வின் சூடும் வெயிலும் நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள். ஸ்டவ் வேலை செய்யாவிட்டால் ஜம்பரை மீண்டும் போட்டுப் பாருங்கள். அப்போது எரிந்தால் கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ வயரிலோதான்.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். ஊருக்குப் போகும்போது வீட்டை முழுதும் குளிர விடாதீர்கள். குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். பெல்லட் தீர்ந்தாலும் கரண்ட் போனாலும் எந்த தெர்மோஸ்டாட்டும் உதவாது என்பதால், பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். இப்போது என் வீட்டுச் சுவரில் இருப்பது இரண்டு பேட்டரி போட்ட சாதாரண தெர்மோஸ்டாட். நிம்மதியாகத் தூங்குகிறேன்!