அளவைக்கு அளவை எது?

போசரித் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறையிற் பணிபுரியும் தமிழன்பர்கள் மைக்ரோமீட்டரை அறிவர். ஷாப்டின் விட்டத்தை அக்கருவி சொல்லும். கருவி பிழையற்றதா என்பதைக் கேஜ் கட்டை சொல்லும். அக்கட்டையைச் சோதிக்க அதனினும் நுண்ணிய கட்டை வேண்டும். இவ்வரிசை எங்கே முடியும்? அறிவைக் குறித்தும் இவ்வினாவே எழுகின்றது. அறிவு பெறும் வாயிலுக்கு நம் முன்னோர் 'அளவை' என்றே பெயரிட்டனர்.

பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' என்னும் நூலில், ஐயத்திற்கு இடமான யாவற்றையும் விலக்கினார். ஐயுறும் தாம் மட்டுமே எஞ்சினார். இழந்த உலகை அவர் மீட்டது எவ்வாறு? தெளிவாக உணரப்படுவது மெய்யே. ஏனெனில் நம்மைப் படைத்த இறைவன் வஞ்சகன் அல்லன் என்றார். அவ்விறைவன் உளன் என்பது எதனால் துணியப்பட்டது? தெளிந்த உணர்வினாலேயே! இவ்வட்டத்தை அந்நூலுடனேயே அச்சான மறுப்புரையில் அர்னோ சுட்டினார்; அவரும் ஆத்திகரே. டேக்கார்ட் விடை பகர்ந்தார். அது போதுமா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்திலது. பின்வந்த மால்பிராஞ்சு, பொருள்களின் கருத்துருக்களை நாம் இறைவனிடத்தே காண்கிறோம் என்னும் அளவிற்குச் சென்றார்.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. நையாயிகராகிய உதயனாசாரியர் வேதத்தின் மெய்ம்மைக்கு ஈசுவரனைப் பிணையாக்கினார். மணிமேகலையிலோ, வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து வரை அளவைகளை எண்ண, காஞ்சியில் அறவணவடிகள் காண்டலும் கருத்துமாகிய இரண்டே போதும் என்கிறார். இது திக்நாகர் நெறி. அவர் வழிவந்த தருமகீர்த்தி, ஏமாற்றாத அறிவே அளவை என்றார். டேக்கார்ட் இறைவன்மேல் ஏற்றிய வஞ்சமின்மையை இவர் அறிவின்மேலேயே வைத்தமை நோக்குக. கானல் தாகந் தீர்க்காது, சுனைநீர் தீர்க்கும். ஷாப்ட் பேரிங்கிற் பொருந்தினால் அளவு சரி.

ஆயினும், திக்நாகர் தம் நூலின் தொடக்கத்திற் புத்தரையே அளவையானவர் என வணங்கினாரே; நாமும் ஒரு பிணையாளரைப் பின்வாயிலால் அழைத்து வந்தோமா? இவ்வினாவை நாம் மறைத்தல் தகாது. தருமகீர்த்தி மறைத்திலர். உலகிலுள்ள புழுக்களின் தொகையை அவர் அறிவாரா என்பதனால் நமக்கு ஆவதென்ன? துன்பமும் அது நீங்கும் வழியும் அறிந்தாரா என்பதே வேண்டுவது. அதனையும் ஆராய்ந்தே கொள்க என்றார்.

ஒன்று எஞ்சுகிறது. ஷாப்டின் பொருத்தம் இன்றே தெரியும். வினையின் நுண்பயன் மறுபிறப்பிலன்றோ தெரியும்? காண்டற்கும் கருத்திற்கும் எட்டாத அத்தகையவற்றில், ஆராயத்தக்க இடங்களிற் பழுதுபடாத ஆகமத்தை நம்பலாம் என அவர் இசைந்தார். ஆனால் அதனைக் குற்றமற்ற அனுமானம் எனக் கொண்டிலர். வேறு கதியின்மையாற் கொள்வதென்றே உரைத்தார்.