ஊர்க்காவலும் பேரிடர்த் தடுப்பும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரை நம் கண்முன் நிறுத்துகின்றது. மழை பொழிந்து தெருவில் நீர் ஓடும் இரவிலும் அவர்கள் காவல் ஒழியார். கள்வர் ஒளியும் வழிகளை முன்னரே அறிந்திருப்பர். களவு நிகழ்ந்தபின் ஓடிவருவோரை அன்று, நிகழாமற் காப்போரையே புலவர் பாடினார். இன்று காவல்துறைக்குத் துணைநிற்கும் தொண்டர்களுக்கும் ஊர்க்காவல் படை என்றே பெயர் வாய்த்திருப்பது மகிழ்தற்குரியது.

பேரிடரிலும் காவலர்தம் பணி பெரும்பாலும் முன்னரே முடிந்திருக்க வேண்டிய பணியாகும். மதுரை இதனைத் துயரத்தோடு உணர்ந்த நாள் 2022 ஏப்ரல் 16. கொரோனாவால் ஈராண்டுகள் பொதுமக்கள் கூடாதிருந்த சித்திரைத் திருவிழா, அவ்வாண்டு மீண்டும் நிகழ்ந்தது. கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வேளையில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். நெரிசலில் இருவர் உயிர்நீத்தனர், பலர் காயமுற்றனர்.

நெரிசலில் இறந்தோரை மிதிபட்டு இறந்தவர் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் நின்ற நிலையிலேயே மூச்சுத்திணறி இறப்போரே மிகுதி. ஒரு சதுர மீட்டரில் நால்வர் நிற்பின் ஒருவாறு நகரலாம். அறுவர், எழுவர் என அடர்ந்துவிட்டால் கூட்டம் நீர்போல் அலைபாயும். எவர் காலும் அவர் வசம் இராது. மார்பு விரிய இடமிராது. முன்னிற்பவர் படும் துன்பம் பின்வருபவருக்குத் தெரியாது. உயர்ந்த மேடையில் நிற்கும் காவலரே இருபுறமும் காண வல்லவர். ஆற்றங்கரையில் தடியை ஓங்குவதால் பயனில்லை. அஃது முன்னிற்போரைப் பின்னோக்கித் தள்ளி நெருக்கத்தை மிகுவிக்கும். தல்லாகுளத்திலும் கோரிப்பாளையத்திலும் வரும் கூட்டத்தை முன்னரே நிறுத்தி, செல்லும் வழியையும் மீளும் வழியையும் வேறாக்குவதே காவலாகும்.

தீயின் திறமும் இத்தகையதே. 2023 ஆகஸ்டு 26 அதிகாலை, மதுரை இரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி ஒன்பதின்மர் மாண்டனர். விதிக்குப் புறம்பாக ஏற்றப்பட்ட எரிவாயு உருளை அது. இலக்னோவில் புறப்பட்ட அப்பெட்டி எத்தனையோ நிலையங்களைக் கடந்து வந்தது! எங்கேனும் ஒரு சோதனையில் அது சிக்கியிருப்பின், மறுநாள் எந்த நாளிதழிலும் அது செய்தியாகியிராது.

விழாக்களில் தொண்டாற்றச் செல்லும் நம் மாணவர் ஒன்று கற்றுக்கொள்ளலாம். நெரிசலில் சிக்கினால் கைகளை மார்பின்முன் மடித்து மூச்சுக்கு இடம் காத்துக்கொள்க. கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கற்க. அலையை எதிர்த்துத் தள்ளாது, அது தணியும் இடைவேளைதோறும் சாய்வாக ஓரத்தை நோக்கி நகர்க.