கோப்பு போகும் முன் மட்டம் பாருங்கள்

கட்டுமான நிறுவனத்திலோ கட்டட வடிவமைப்பாளர் அலுவலகத்திலோ புதிதாகச் சேரும் சிவில் பொறியாளரின் தலையில் சீக்கிரமே வந்து விழுவது ‘அப்ரூவல்’ வேலை. திட்ட அனுமதிக்குச் சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்று போக வேண்டும். மனை ஏரிக்கோ ஆற்றுக்கோ பக்கத்தில் இருந்தாலும், தாழ்வான நிலமாக இருந்தாலும், வாய்க்கால் குறுக்கிட்டாலும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். 2021-இல் அது பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையாகிவிட்டது. ஆனாலும் ‘பி.டபிள்யூ.டி. என்.ஓ.சி.’ என்றால்தான் இன்னும் பலருக்குப் புரிகிறது. கோப்பு மாதக்கணக்கில் தூங்குவது இங்கேதான் என்று தொழிலில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். துறையின் பொறியாளர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்து கோப்பைத் தயாரித்தால் அந்த அலுப்பில் பாதி குறையும்.

திட்ட அனுமதி தரும் அலுவலகம் மனையின் நான்கு எல்லைக்குள் பார்க்கிறது: சாலை அகலம், பக்க இடைவெளி, தளப்பரப்பு. நீர்வளத் துறைப் பொறியாளரின் பார்வை எல்லைக்கு வெளியே தொடங்குகிறது. மேலே எந்த ஏரி, அதன் கலங்கல் எங்கே, மிகைநீர் எந்த வழியாகப் போய் எதில் சேர்கிறது, அந்த வழியில் உங்கள் மனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலியாக அமைந்தவை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர் யாரும் இந்தக் கேள்வியை வெட்டி வேலை என்று சொல்லமாட்டார்.

ஆகவே கிராம வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். அதில் உங்கள் சர்வே எண்ணைச் சுற்றி ஓடை, வாய்க்கால், தாங்கல், குட்டை என்று என்னென்ன குறித்திருக்கிறதோ அத்தனையையும் வண்ணம் தீட்டிக் கொள்ளுங்கள். பிறகு புலப்படம், அதன்பின் ‘அ’ பதிவேடு. பட்டா சுத்தமாக இருக்கிறது, வில்லங்கம் இல்லை என்பதெல்லாம் உரிமைக்கான சான்றுகள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை அவை சொல்லாது. களத்தில் மண் மூடிக் கிடந்தாலும், புலப்படத்தில் வாய்க்கால் இருந்தால் பொறியாளருக்கு அது வாய்க்கால்தான். அதை உங்கள் வரைபடத்தில் காட்டாமல் விட்டால் கள ஆய்வு அன்றே கோப்பின் மீது சந்தேகம் விழுந்துவிடும். நீங்களே காட்டி, அகலத்தை எழுதி, அதைத் திறந்து பராமரிக்கும் ஏற்பாட்டையும் சொல்லிவிடுங்கள்.

மட்டம்தான் இந்தக் கோப்பின் உயிர். ‘சாலையிலிருந்து இரண்டடி உயரம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ஜி.டி.எஸ். பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டத்தைக் கடத்திக் கொண்டுவந்து, மனை முழுவதும் கட்டம் கட்டமாக லெவல் எடுத்து, சமவுயரக் கோடுகள் வரைய வேண்டும். பக்கத்துச் சாலை, அண்டை நிலங்கள், வாய்க்காலின் அடிமட்டம், கரை மட்டம் ஆகியவற்றையும் எடுங்கள். பொறியாளர் இவற்றை ஆற்றின் உச்ச வெள்ள மட்டத்தோடும் ஏரியின் முழு நீர்மட்டத்தோடும் ஒப்பிடுவார். ஓர் எடுத்துக்காட்டு: ஆற்றின் உச்ச வெள்ள மட்டம் +7.20 மீட்டர், மனையின் சராசரி மட்டம் +6.10 என்று வைத்துக்கொள்வோம். 1.10 மீட்டர் பள்ளம். அதையும், அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு உயரத்தையும் சேர்த்து மண் நிரப்பச் சொல்லி நிபந்தனை வரும். நிலம் வாங்கும் முன்பே இந்த மட்டத்தை எடுத்துப் பார்த்தால், நிரப்பும் செலவு முதலாளிக்கு அன்றே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர் நிறுவனத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

நிரப்புவதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. நம் மனையில் நின்ற தண்ணீர் நிரப்பிய பிறகு எங்கே போகும்? ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் நான்கு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். வெறும் மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது. கான்கிரீட்டும் தளக்கல்லும் போட்டபின் பெரும்பகுதி வெளியே ஓடும். அது அண்டை வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. மனைக்குள் மழைநீர் வடிகாலின் அளவு, சேகரிப்புத் தொட்டியின் கொள்ளளவு, வெளியேறும் இடத்தில் வாய்க்கால் தாங்குமா என்ற கணக்கு, இந்த மூன்றையும் கேட்பதற்கு முன்பே இணையுங்கள். வீட்டை உயர்த்தி ஊரை மூழ்கடிக்கும் திட்டத்துக்குப் பொறியாளர் கையெழுத்துப் போடத் தயங்கினால், அவர் தன் வேலையைச் செய்கிறார் என்று பொருள்.

உதவிப் பொறியாளர் கள ஆய்வுக்கு வரும் நாளில் லெவல் புத்தகத்தோடும் சர்வேயரோடும் நீங்களும் நில்லுங்கள். இடைத்தரகரை அனுப்பாதீர்கள். கேட்ட இடத்தில் ஒரு மட்டத்தை எடுத்துக் காட்ட முடிந்தால், ஒரு கடிதப் போக்குவரத்தே மிச்சமாகும். அவருடைய அறிக்கைதான் மேலதிகாரிகளுக்குப் படிப்படியாகப் போகிறது.

குடிநீர், கழிவுநீர் இணைப்பு தனிக் கதை. சென்னையில் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அங்கேயும் நீர்க் கணக்கு கேட்பார்கள். இரண்டு கோப்பிலும் எண்கள் ஒன்றாக இருக்கட்டும்.

சான்று கையில் வந்ததும் நிபந்தனைப் பக்கத்தைக் கோப்பில் புதைத்துவிடாதீர்கள். வாய்க்காலின் குறுக்கே சிறுபாலம் கட்டத் தனி அனுமதி, கட்டட இடிபாடுகளை நீர்வழியில் கொட்டத் தடை, கழிவுநீரை விடத் தடை, நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காக இறுக்குதல் என்று அதில் இருப்பவை பெரும்பாலும் களத்தில் நடக்க வேண்டியவை. அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி தள மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். மண் நிரப்பி முடிந்ததும் மறுபடியும் லெவல் எடுத்து, தேதியோடு கோப்பில் வையுங்கள். நிறைவுச் சான்றுக்குப் போகும்போது யாராவது மட்டத்தைக் கேட்டால் காட்ட வேண்டிய தாள் அதுதான்.