பிள்ளையின் மனநோயும் பெற்றோர் கடமையும்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஊணுறக்கமின்றி, "செத்துப்போகிறேன்" என்று சொல்லுமாயின், அதை வீம்பென்று தள்ளிவிடாதீர்கள். பிரம்பினால் இது தீராது; வைத்தியம் வேண்டும். சில வேளை ஆஸ்பத்திரியில் சில நாள் தங்கவும் நேரிடும்.

"பிள்ளையைத் தனியே பூட்டிவிடுவார்களோ?" என்று அஞ்சுகிறீர்களா? இந்தியாவின் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுவதைக் கேளுங்கள். மனநோய் நிபுணர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, வேறு வழியில்லையென்று கண்டால் மாத்திரமே 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கலாம். பெரியவர்களோடு வைக்கலாகாது. பெற்றோராவது, அவர்கள் அமர்த்தும் துணையாளாவது கடைசி நாள்வரை கூடவே தங்கவேண்டும். 30 நாளைத் தாண்டினால் மனநல வாரியத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

ஆகவே, பிள்ளையை விட்டுப் பிரிகிறோமென்று கலங்காதீர்கள். அயலார் பேச்சுக்கு அஞ்சித் தாமதியாதீர்கள். அரசாங்கத்தின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாய் ஆலோசனை கேட்கலாம்.