அடங்கிய சிறுநீரக நோய் மீளுதல்
களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பாடம்

நோய் தீர்ந்தது என்பதும், நோய் அடங்கியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஒருவகை மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து, பல மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலை எழுப்புவதைக் களப் பணியாளர் அறிவர். சிறுநீரக நோய்களிலும் இவ்வாறு அடங்கி மீள்வன உண்டு. ஆனால் அங்கே ஒளிந்திருக்கும் கிருமி எதுவும் இல்லை. உடலின் காப்பாற்றலே பிறழ்ந்து நோயை எழுப்புகிறது. இவற்றுள் சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படும் நெஃப்ராட்டிக் நோயைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

1. வடிகட்டியின் இயல்பு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் அமைந்துள்ளன. இவற்றின் வழியே நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கப்பட, ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுகிறது. நல்ல நிலையிலுள்ள வடிகட்டி, ஆல்புமின் என்னும் புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்திவிடும். வளர்ந்த ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளில் 150 மில்லிகிராமுக்கு மேல் புரதம் செல்வதில்லை. நெஃப்ராட்டிக் நோயிலோ அது 3.5 கிராமையும் கடந்துவிடும். இரத்தத்தில் ஆல்புமின் குறையவே, நீர் திசுக்களில் தேங்கி வீக்கம் தோன்றுகிறது.

2. நோய் ஏன் மீள்கிறது?

சிறுவருக்கு வரும் இந்நோய் பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துக்கு அடங்கும். ஆயினும் அவ்வாறு அடங்கியோருள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒருமுறையேனும் அது மீள்கிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் நலமாயிருந்த பின்னும், பெரியவர்களான பின்னும் மீள்வதுண்டு. சாதாரணச் சளிக் காய்ச்சலே பலமுறை அதற்குத் தூண்டுகோலாகிறது.

வடிகட்டியின் இடுக்குகளை அடைத்து நிற்கும் புரதங்களுள் நெஃப்ரின் என்பது ஒன்று. நோயாளர் பலரின் இரத்தத்தில் இதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உள்ளன என்பதை 2024 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் விரிவாக வெளியிட்டனர். நோய் முனைந்திருக்கும்போது இவை மிகுந்தும், அடங்கும்போது குறைந்தும் காணப்பட்டன. ஆகவே நோயாளர் நலமாயிருக்கும் காலத்தை ஓர் இடைவேளையாகக் கொண்டு கண்காணிப்பதே முறை.

3. வீக்கத்திற்கு முன்னரே வரும் அறிகுறி

இப்பாடத்தில் முதன்மையாக மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று: நோய் மீளும்போது புரதம் முதலில் சிறுநீரில் தோன்றும், வீக்கம் அதன் பின்னரே வரும். இடைப்பட்ட அந்தச் சில நாட்களே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

சிறுநீரைக் காய்ச்சினால் சிலருக்கு அது உறைவதை இத்தாலிய மருத்துவர் கொட்டூன்யோ 1764 இல் கண்டார். இலண்டனில் ரிச்சர்டு பிரைட் 1827 இல் இதனைச் சிறுநீரக நோயோடு இணைத்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியவை ஒரு கரண்டியும் மெழுகுவத்தியுமே. இன்று சோதனைப் பட்டை எளிதில் கிடைக்கிறது. அது இல்லாத இடத்தில் பின்வருமாறு செய்யலாம்:

(அ) காலையில் எழுந்தவுடன் கழியும் சிறுநீரைச் சோதனைக் குழாயில் மூன்றில் இரு பங்கு எடுக்க.
(ஆ) குழாயைச் சாய்த்துப் பிடித்து, மேற்பகுதியை மட்டும் கொதிக்கச் செய்க. குழாயின் வாய் எவர் முகத்தையும் நோக்கியிராமல் பார்த்துக்கொள்க.
(இ) மேற்பகுதி கலங்கினால் நீர்த்த அசெட்டிக் அமிலம் மூன்று நான்கு துளிகள் சேர்க்க. கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட்டு உப்பு, நிலைத்தால் புரதம்.

முன்பு புரதமின்றி இருந்தவருக்குத் தொடர்ந்து மூன்று காலைகளில் பட்டைச் சோதனையில் மூன்று கூட்டல் குறி அல்லது அதற்கு மேல் காணுமாயின், நோய் மீண்டது எனக் கொள்வர். நலமாயிருக்கும் காலத்தில் வாரத்தில் இரண்டு மூன்று முறையும், சளி, காய்ச்சல் உள்ள நாட்களில் தினந்தோறும் சோதித்து, முடிவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்தல் வேண்டும்.

4. ஊரளவில் ஆற்றும் பணி

திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையேயுள்ள ஏர்பேட்டை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையம் அண்மையிலுள்ள திருப்பதி நகரில் இருக்கிறது. அங்கே சிறுநீரக மருத்துவத்திற்குத் தனிப் பிரிவு உண்டு. எனவே இவ்வூராருக்குத் தொலைவு பெரிய தடையன்று. வீக்கம் முற்றும்வரை காத்திருப்பதே தடை.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை: காலையில் இமை வீங்கி மாலையில் வடிதல், செருப்பு இறுகுதல், கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி நிற்றல். கண்ணில் பூச்சி கடித்தது என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. மறுபுறம், ஸ்டீராய்டு உண்ணும் குழந்தையின் முகம் அம்மருந்தினாலும் உப்பும். இரண்டையும் பிரித்தறியச் சிறுநீர்ச் சோதனையே துணை. முகம் உப்பியதைக் கண்டு பிள்ளைகள் கேலி செய்வதும், அதனால் பெற்றோர் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்துக்கு இடமாகும். ஸ்டீராய்டை மருத்துவர் சொன்ன அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

காய்ச்சலுடன் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. முன்னிரண்டும் தொற்றையும், இறுதியானது இரத்தக்கட்டையும் குறிக்கக்கூடும். தடுப்பூசி போடுமுன் குழந்தை ஸ்டீராய்டு உண்பதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உயிருள்ள கிருமிகளாலான தடுப்பூசிகள் அக்காலத்தில் ஏற்றவையல்ல.

5. மீளும் நோயும் மீளாச் சேதமும்

சிறுநீரக நோய் யாவும் இவ்வாறு அடங்கி மீள்வதில்லை. ஆந்திரத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் உழவர் பலரைப் பீடித்துள்ள நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு தன்மையது. அங்கே புரதக் கசிவு சொற்பம். வீக்கமும் முதலில் இராது. சிறுநீரகம் சிறிது சிறிதாகத் தழும்பேறிச் சுருங்குகிறது. தழும்பேறிய பகுதி மீண்டும் வேலை செய்வதில்லை. அத்தகையோரிடம் சிறுநீர் தெளிவாயிருப்பதைக் கண்டு நலமென்று முடிவுகட்டலாகாது; இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்த்தல் வேண்டும்.

நெஃப்ராட்டிக் நோயில், மருந்துக்கு அடங்கும் வகையினருக்கு ஒவ்வொரு மீட்சியையும் தொடக்கத்திலேயே கண்டு அடக்கினால் சிறுநீரகம் பெரும்பாலும் பழுதுபடாது நிலைத்திருக்கும். பல ஆண்டுகள் நலமாயிருந்த ஒருவர் குறிப்பேட்டை மூடிவைத்திருக்கலாம். அவருக்குக் காய்ச்சல் கண்டவுடன் அதனை மீண்டும் திறக்க நினைவூட்டுவதே களப் பணியாளரின் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. நோய் தீர்தலுக்கும் அடங்குதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. காய்ச்சிய சிறுநீரில் அமிலம் சேர்ப்பது எதற்காக?
3. ஸ்டீராய்டு உண்ணும் மாணவனின் முகம் உப்பியிருந்தால் ஆசிரியர் செய்யத்தக்கது என்ன?
4. உத்தானம் பகுதியில் சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாமைக்குக் காரணம் கூறுக.