குறைத்த எடை மறுபடி ஏறினால்?



சரக்கு நிலவரம், வரி, உரிமம் பற்றியெல்லாம் இந்த ஏட்டில் படித்து வருகிறோம். இம்முறை உடம்பைப் பற்றி எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கிற தொழில் நம்முடையது. உடல் பருமனும் சர்க்கரை வியாதியும் நம்மில் பலருக்குத் தொழிலோடு சேர்ந்தே வருகின்றன. எடை குறைய இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அடியேனும் அவர்களில் ஒருவன். ஆபரேஷனோடு காரியம் முடிந்தது என்று நினைத்து நான் செய்த தவறை மற்றவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு நடந்தது

2013-ல் எனக்கு எடை 124 கிலோ. சர்க்கரைக்குத் தினம் நான்கு மாத்திரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த ஆண்டு இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். இது இருதயத்துக்குச் செய்யும் பைபாஸ் அல்ல. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். ஒன்றரை ஆண்டில் 79 கிலோவுக்கு இறங்கினேன். சர்க்கரை மாத்திரை முழுவதும் நின்றது.

2016-க்குப் பிறகு டாக்டரிடம் போவதை நிறுத்தினேன். சத்து மாத்திரைகளையும் விட்டேன். “நன்றாகத்தானே இருக்கிறோம்” என்ற எண்ணம். வேட்டி இறுகத் தொடங்கியது தெரிந்தது. எங்கள் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. தினம் பத்து முறை அதைத் தாண்டிப் போவேன். ஐந்து வருடம் அதன்மேல் ஏறவில்லை. ஏறினால் என்ன காட்டும் என்று எனக்குத் தெரியும்.

2021-ல் ஒரு சில்லறைக் கடைக்காரர் நாலு பேர் முன்னால், “அண்ணாச்சி, அவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் மறுபடி சதை போட்டிருச்சே” என்றார். அன்று இரவு கடை அடைத்தபின் தராசில் ஏறினேன். 97 கிலோ. சர்க்கரையும் திரும்பியிருந்தது. பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. பி-12 சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. பைபாஸ் செய்தவருக்கு உணவிலிருந்து பி-12 சரியாகச் சேராது. மாத்திரையை நிறுத்தியது என் குற்றம்.

எடை ஏன் திரும்புகிறது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் எடை திரும்புவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். 1987-ல் ஸ்வீடன் நாட்டில் தொடங்கிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டில் சராசரியாக நூற்றுக்கு 32 பங்கு எடை குறைந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது 25 பங்கு குறைவு நிலைத்திருந்தது. அதாவது 100 கிலோ இருந்தவர் 68-க்கு இறங்கி, பிறகு 75-ல் நிற்கிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்பதையும் 2007-ல் வெளியிட்டார்கள். ஆகவே முதல் மோசமில்லை. லாபத்தில் ஒரு பகுதிதான் போகிறது.

காரணங்கள் பல. எடை குறைந்ததும் உடம்பு பஞ்சம் வந்ததாக எண்ணிச் செலவைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது. சிறுத்த இரைப்பையும் நாளடைவில் சற்று இளகிக் கொடுக்கிறது. முதல் இரண்டு வருடம் இனிப்பு தின்றால் எனக்கு வியர்த்து, நெஞ்சு படபடக்கும். பிறகு அந்த உபத்திரவம் குறைந்தது, பயமும் விட்டது. இதற்கெல்லாம் மேலாக, சிறிய இரைப்பை ஒரு தட்டுச் சோற்றைத் தடுக்கும். டீயையும், ஐஸ்கிரீமையும், மணிக்கொருதரம் வாயில் போடும் மிக்சரையும் தடுக்காது.

சாம்பிள் கணக்கு

உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள் என்னிடம், “கடையில் சாம்பிள் பார்ப்பீர்களா?” என்று கேட்டார். பார்க்காமல் எப்படிச் சரக்கு எடுப்பது? “ஒரு நாள் வாயில் போடும்போதெல்லாம் அதே அளவை ஒரு பொட்டலத்திலும் போடுங்கள். மாலையில் நிறுத்துப் பாருங்கள்” என்றார். அப்படியே செய்தேன்.

முந்திரி 60 கிராம் - சுமார் 350 கலோரி
வெல்லம் 40 கிராம் - சுமார் 150 கலோரி
பொட்டுக்கடலை 50 கிராம் - சுமார் 185 கலோரி
ஆறு டீயில் சர்க்கரை 60 கிராம் - சுமார் 240 கலோரி

மொத்தம் 900-க்கு மேல். டீயில் உள்ள பால் இதில் சேரவில்லை. “நான் ஒன்றும் சாப்பிடுவதில்லையே” என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நீங்களும் ஒரு நாள் இந்தப் பொட்டலத்தைக் கட்டிப் பாருங்கள். ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது சாம்பிளை மென்று பார்த்துத் துப்பிவிடுகிறேன். வெல்லம், முந்திரி பார்ப்பது மகன் பொறுப்பு. டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். நான் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். இரண்டு கிலோ கூடினால் அந்த வாரமே காரணம் தேடுவது, ஐந்து கிலோ கூடினால் டாக்டரிடம் போவது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு.

2. புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். பிறகு காய்கறி. சோறு கடைசி. புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது என்பார்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். பால் 200 மில்லியில் சுமார் 6. துவரம் பருப்பு 100 கிராமில் சுமார் 22. மீல்மேக்கர் 100 கிராமில் சுமார் 50. எல்லாம் நம் கடையிலேயே இருக்கும் சரக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யவும்.

3. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி கழித்துக் குடியுங்கள். கல்லாவில் உட்கார்ந்து சாப்பிடவே வேண்டாம்.

4. பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை டாக்டர் சொன்னபடி ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடும் கால்சியத்தோடும் சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் ஒட்டாது. ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை அவசியம்.

5. பைபாஸ் செய்தவர்களுக்கு மது வேகமாக ஏறும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் அதிகம். புகையும், மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரையும் குடலில் புண் உண்டாக்கும்.

6. மூட்டை தூக்கும் ஆள் இருக்கட்டும். பில் கொடுக்க, சரக்கு பார்க்க நாமே எழுந்து நடக்கலாம். தினம் அரை மணி நடை தனியாக வேண்டும்.

வெட்கப்பட வேண்டாம்

டாக்டர் திட்டுவார் என்று பயந்தே ஐந்து வருடம் போகாமல் இருந்தேன். அவர் திட்டவில்லை. “97-ல் வந்தீர்களே, 120-ல் வராமல்” என்றார். எடை திரும்பினாலும் வழிகள் இருக்கின்றன. உணவை ஒழுங்கு செய்வது முதல் வழி. பசியைக் குறைக்கும் வார ஊசிகள், செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை, 2025 முதல் எடைக் குறைப்புக்காக நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. சிலருக்கு மறு ஆபரேஷனும் தேவைப்படலாம்.

இப்போது எனக்கு வயது 64. எடை 88 கிலோ. 79-க்கு மறுபடி இறங்கவில்லை. இறங்குவேன் என்றும் சொல்லவில்லை. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை போதுகிறது. பி-12 ஊசி போட்டபின் பாதத்தில் உணர்ச்சி பெருமளவு திரும்பியிருக்கிறது. இடது கால் விரல்களில் மட்டும் இன்னும் வரவில்லை. அது நான் தாமதித்ததற்குக் கொடுத்த விலை.

கடை மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தவறாமல் முத்திரை வைக்கிறோம். அதே தராசில் நாமும் ஏறிப் பார்ப்போம். ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு டாக்டர் பக்கமே போகாத நண்பர் யாரும் உங்களுக்குத் தெரிந்தால், இந்த இதழை அவர் கையில் கொடுங்கள்.