இறுவட்டைப் படியெடுத்தல்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையூர்களில் வீடுகளோடு அவற்றுள் இருந்த ஒளிப்படங்களையும் நாடாக்களையும் வாரிச் சென்றது. மாண்டாரின் முகத்தை மீண்டும் காண்பதற்கு, வேற்றூர் உறவினரிடம் இருந்த கலியாணப் பதிவோ பாடசாலை விழாப் பதிவோ அன்றி வேறு வழியில்லை என்னும் நிலை சிலருக்கு நேர்ந்தது. அத்தகைய பதிவுகள் பிற்காலத்தில் டீவீடீ இறுவட்டுகளில் ஏறின. இன்று அவ்விறுவட்டுகளும் முதுமை எய்திவிட்டன. ஆகலின், விற்பனைக்கன்றி வீட்டிலும் கல்லூரியிலும் பதிவான இறுவட்டை வீட்டுக் கணினியிற் படியெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இறுவட்டின் விட்டம் 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். இரு நெகிழித் தகடுகளுக்கு நடுவே சாயப்படலம் ஒன்று உளது. அதில் ஒளிக்கதிர் பொறித்த புள்ளிகளே காட்சியும் ஒலியுமாகின்றன. வெயிலும் வெப்பமும் ஈரக்காற்றும் அப்படலத்தை மெல்லக் கெடுக்கும். கடற்காற்று வீசும் நம் ஊர்களுக்கு இது சிறு செய்தியன்று.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. பழைய நாடா பழுதானால் காட்சி சிறுகச் சிறுக மங்கி நம்மை எச்சரிக்கும். இறுவட்டு அங்ஙனமன்று. பதிவோடு திருத்தற் குறிகளும் எழுதப்பட்டிருத்தலால், அழிந்த புள்ளிகளைக் கருவி தானே கணித்து நிரப்பிக்கொள்கிறது. காண்பவர்க்குக் குறை புலனாவதில்லை. பிழை அளவு கடந்த அன்றோ, படம் உறைந்து நின்றுவிடும். 'நேற்றும் நன்றாக ஓடியதே' என்று வருந்துவார் பலர். ஓடியமை நலத்துக்குச் சான்றாகாது. ஓடும்போதே படியெடுத்தல் வேண்டும்.

இக்காலக் கணினிகள் பலவற்றில் இறுவட்டுச் செலுத்தி இல்லை. புறத்தே இணைக்கும் செலுத்தி ஒன்று தேவை. வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தல் வேண்டும், சுற்றித் துடைத்தலாகாது. காட்சி 1 கிகாபைற்றுக்கு மேற்படாத துண்டங்களாகவும், அவற்றின் இடங்காட்டும் அட்டவணையாகவும் அமைந்திருப்பதால், கோப்புகளைத் தனித்தனியே எடுப்பதினும் முழு வட்டையும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே கோப்பாக எடுப்பதே நன்று. ஒற்றைப் படலமுடைய வட்டுக்கு 4.7 கிகாபைற்று இடம் போதும். பதிந்த கருவியில் நிறைவுசெய்யப் பெறாத வட்டு, பிற கருவிகளில் வெறுமையாகத் தோன்றக்கூடும். அதனை எறிந்துவிடலாகாது, பதிந்த கருவி கிடைப்பின் அதிலேயே நிறைவுசெய்து மீட்கலாம்.

கடையில் விற்கும் திரைப்பட வட்டுகள் நம் பொருளல்ல. அவற்றின் உரிமையை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கிறது. பரிசளிப்பு விழாவாயினும் பொல்லடி ஆட்டமாயினும், பதிந்தவரிடம் ஒரு சொற் கேட்டு இசைவு பெறுதலே முறை.

எடுத்த படியை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பின்னர் இரண்டாம் படி ஒன்று செய்க. இரண்டையும் ஓரலமாரியில் வைப்பதிற் பயனில்லை. கல்முனையில் ஒன்று இருப்பின், மற்றொன்று கடலுக்கு அப்பால் உள்ளே அமைந்த சம்மாந்துறையில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஊர்ப் பொதுவான பதிவாயின், 2005 இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் அமைப்பினரிடமும் ஒரு படி கொடுக்கலாம்.